நாற்றங்காலில் விட்டதை வயலில் பிடிக்க முடியவில்லை: ஒரு மிளகாய்த் தோட்டத்தின் இரண்டு பருவங்கள்

காரைக்குடிக்கும் கல்லலுக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்தில், 30 சென்ட் மிளகாய்த் தோட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்தது இது. ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். முதல் ஆண்டுத் தோல்வியில் என் பங்கு பெரியது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் குறிப்பைப் படிப்பவருக்கு ஒரு பயனும் இருக்காது.

பின்னணி

தோட்டத்தைப் பார்ப்பவர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய மகன் கூட இருக்கிறார். நிலம் சொந்தமில்லை. சென்னையில் இருக்கும் ஒரு நகரத்தார் வீட்டு ஆச்சியிடமிருந்து, விளைச்சலில் பங்கு பேசி, வாரத்துக்கு எடுத்தது. கண்மாய்க்கரையை ஒட்டிய மேட்டு நிலம், மோட்டார் போட்ட கிணறு ஒன்று. மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சரளை, இன்னும் தோண்டினால் செம்புராங்கல். தெற்கு மூலையில் மட்டும் ஏழெட்டு சென்ட் தாழ்வாக இருக்கும். மழை பெய்தாலும் மடை திறந்தாலும் தண்ணீர் அங்கேதான் போய் நிற்கும். இந்த மூலை பின்னால் வரும்.

பல வருடமாக ஒரே சுற்றுதான். மழைக்காலத்தில் சிறுகீரை, அரைக்கீரை. கொஞ்சம் இடத்தில் முள்ளங்கி. தை மாதம் மிளகாய் நாற்றுப் பாவி, மாசி கடைசியில் நடவு. அடியுரமாக ஒரு மூட்டை டி.ஏ.பி., பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு டிராக்டர் கோழி எரு. விதை வீட்டு வத்தலில் உதிர்த்து எடுத்தது. நாற்றங்காலில் நாற்று சாய்ந்தால் கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லி. நட்ட பிறகு வாடினாலும் கார்பென்டசிம். "வெள்ளைப் பவுடர்" என்றுதான் அவர் சொல்வார். கடைக்காரரும் அதே பெயரில்தான் கொடுப்பார்.

நான் வேளாண்மைப் பட்டயம் படித்துவிட்டு இந்தப் பக்கத்து விவசாயிகளோடு வேலை செய்பவன். அவருக்கு நான் தம்பி, எனக்கு அவர் அக்கா. மகன் என்னை சார் என்பார், பாதி மரியாதைக்கு, பாதி கிண்டலுக்கு.

முதல் ஆண்டு: என்ன பார்த்தோம்

சித்திரை நடுவில், நட்டு ஐம்பது நாள் சுமாருக்கு, போன் வந்தது. மத்தியானம் செடி துவளுகிறது, சாயங்காலம் எழுந்துவிடுகிறது, மூன்றாம் நாள் எழவில்லை. நான் போனபோது வாய்க்காலை ஒட்டிய வரிசைகளில் திட்டுத்திட்டாகச் செடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அடி இலைகள் மஞ்சள், மேல் இலைகள் பச்சையாகவே துவண்டிருந்தன.

மிளகாய்ச் செடி வாடுவதற்குக் காரணம் ஒன்றல்ல. அதனால் மருந்து பேசும் முன் நான்கு செடிகளைப் பிடுங்கிப் பார்த்தோம். தூர்ப்பகுதியில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகு மாதிரி உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிளிரோஷியம் தூரழுகல். இல்லை. வேர்ப்பட்டை நார்நாராக உரிந்து வந்தால் மேக்ரோஃபோமினா வேரழுகல். அதுவும் இல்லை. வேர் பார்க்க நன்றாகவே இருந்தது. தண்டை பிளேடால் நீளவாக்கில் கீறினால் பட்டைக்கு உள்ளே பழுப்புக் கோடு ஓடியது. புதிதாக ஒரு தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் முங்குமாறு பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றோம். பாக்டீரியா வாடலாக இருந்தால் வெட்டுவாயிலிருந்து பால் போல நூல் இறங்கும். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மிஞ்சியது பியூசேரியம் வாடல். இந்தப் பூசணம் வேர் நுனி வழியாக நுழைந்து தண்ணீர்க் குழாய்களில் ஏறி அடைத்துக்கொள்ளும். ஏறின பிறகு மேலிருந்து எதை ஊற்றினாலும் அந்தச் செடிக்குப் பெரிதாகப் பலன் இருக்காது.

இவ்வளவு சரியாகப் பார்த்த நான் அடுத்துச் செய்தது சரியில்லை.

முதல் ஆண்டு: எடுத்த முடிவு, கிடைத்த பலன்

வேர்களோடு கூட்டு வாழும் பூசணம் பயிருக்கு நோய் எதிர்ப்பைக் கொடுக்கும் என்று படித்திருந்தேன், பயிற்சிகளிலும் கேட்டிருந்தேன். வேர் உட்பூசணம். கடையில் வேம் (VAM) என்று விற்பார்கள். ஒரு மூட்டை வாங்கி, டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு நல்ல பூசணத்தோடு சேர்த்து, தொழு உரத்தில் கலந்து, வாடாத செடிகளின் தூரில் போட்டு மண் அணைக்கச் சொன்னேன். இரண்டு நாள் முன்னால்தான் அக்கா தோட்டம் முழுக்க லிட்டருக்கு ஒரு கிராம் கார்பென்டசிம் கரைத்து ஊற்றியிருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்தும், சேதம் இல்லை என்று நினைத்தேன்.

மாதம் முடிவதற்குள் ஏறத்தாழ 4,500 செடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வேம் போட்ட வரிசைக்கும் போடாத வரிசைக்கும் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் எதுவும் இல்லை. அக்கா கோபப்படவில்லை. "செத்ததுக்குப் பால் ஊத்துன மாதிரி ஆச்சு தம்பி" என்றார். மகன் மட்டும், மூட்டை என்ன விலை என்று இரண்டு தரம் கேட்டார்.

இடையில்: எங்கே தப்பு என்று பார்த்தது

மீதியிருந்த செடிகளின் மெல்லிய வேர்களைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, காரைக்குடியில் கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பரிடம் போனேன். வேருக்குள் இருக்கும் பூசணத்தைப் பார்க்க அவர் செய்த முறை எனக்குப் புதிது. வேரை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. கழுவிவிட்டு, வினிகரில் 5% பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவிடுகிறார். வேர் வெளிறி, பூசண இழை மட்டும் மையை இழுத்துக்கொள்கிறது. அப்புறம் நுண்ணோக்கி.

எங்கள் தோட்டத்து வேரில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேலியோரம் முளைத்திருந்த காட்டுச் சோளத்தின் வேரையும் கொண்டு போயிருந்தேன். அதில் தெரிந்ததை இன்னும் மறக்கவில்லை. வேரின் ஒவ்வொரு அறைக்குள்ளும் மை நிறத்தில் ஒரு குட்டி மரம். அடியில் ஒற்றைத் தண்டு, மேலே கிளை பிரிந்து பிரிந்து அறையை நிறைத்த தலை. நடுநடுவே எண்ணெய்த் துளி மாதிரி உருண்டைகள். அந்த மரக்கிளை அமைப்புக்குத்தான் ஆர்பஸ்கியூல் என்று பெயர், லத்தீனில் சின்ன மரம். இந்த உறவுக்கு மைக்கோரைசா என்ற பொதுப் பெயரை 1885இல் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க். பூசணம், வேர் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை.

ஒரே மண், இருபது அடி தூரம். வேலியோரத்தில் இருப்பது தோட்டத்துக்குள் ஏன் இல்லை? உட்கார்ந்து பார்த்தால், அது உள்ளே வரமுடியாதபடி நாங்களே நான்கு பக்கமும் அடைத்து வைத்திருந்தது தெரிந்தது.

முதலாவது டி.ஏ.பி. செடிக்கு மணிச்சத்துப் (பாஸ்பரஸ்) பஞ்சம் வந்தால் வேரிலிருந்து ஸ்ட்ரிகோலேக்டோன் என்ற பொருளைக் கசியவிடும். மண்ணில் இருக்கும் பூசணம் அதை உணர்ந்து கிளைவிட்டு வேரைத் தேடி வரும். மணிச்சத்து தாராளமாக இருந்தால் செடி கூப்பிடுவதில்லை. வயிறு நிறைந்தவன் பந்திக்கு ஏன் போகிறான்? மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். ஹெக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டினாலே மணிச்சத்து அதிகம் என்று வகைப்படுத்துவார்கள். எங்களுக்கு 41 வந்தது. டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46%. அதோடு கோழி எருவும் சேர்ந்தால் வேறென்ன வரும்.

இரண்டாவது வெள்ளைப் பவுடர். இதைப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வேர்ப்பூசணம் இல்லாத வயல் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பும் ஆராய்ச்சியாளர்கள் மண்ணில் பெனோமில் என்ற பூசணக்கொல்லியை ஊற்றுவார்கள். பெனோமில் மண்ணில் சிதைந்து கார்பென்டசிமாகத்தான் மாறுகிறது. வேம் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் நாங்கள் ஊற்றியது அதே பொருள்.

மூன்றாவது கீரையும் முள்ளங்கியும். இந்தப் பூசணம் உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. நெல், சோளம், பயறு, மிளகாய், கத்தரி என்று பெரும்பாலான பயிர்களோடு சேரும். கடுகுக் குடும்பத்தோடு சேராது. முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு எல்லாம் அந்தக் குடும்பம். தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரைக் குடும்பத்தோடும் அநேகமாகச் சேர்வதில்லை. வருடத்தில் பாதி நாள் அதற்குப் பசி தீர்க்காத பயிர்களையே இந்த நிலத்தில் வைத்திருந்தோம்.

நான்காவதுதான் முக்கியம், காலம். இந்தப் பூசணம் நோய்க்கிருமியைத் தின்பதில்லை. அந்த வேலை டிரைக்கோடெர்மாவுடையது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது எங்கள் வட்டாரத்தில் சாதாரணம், நானும் செய்தேன். வேர்ப்பூசணம் செய்வது வேறு. உள்ளே நுழையும்போது செடி முதலில் லேசாக எதிர்க்கிறது, அப்புறம் விட்டுக்கொடுக்கிறது. அந்தப் பழக்கத்தால் செடியின் தற்காப்பு விழித்தபடியே இருக்கிறது. பின்னால் நோய்க்கிருமி வந்தால் அறைச்சுவரைத் தடிப்பாக்குவதும் ஜாஸ்மோனிக் அமிலம் வழியாக மற்ற பாகங்களுக்குச் சேதி சொல்வதும் வேகமாக நடக்கின்றன. 1998இல் வெளியான ஒரு தக்காளி ஆய்வில் ஒரே செடியின் வேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் பூசணம் சேர்த்தார்கள். பூசணம் இல்லாத பக்கத்து வேரும் ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் கிருமியை ஓரளவு தாங்கியது. ஆக, இடத்தைப் பிடித்துக்கொள்வது மட்டும் இல்லை, செடியே மாறுகிறது. ஆனால் அந்த மாற்றத்துக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். வேருக்குள் பியூசேரியம் ஏறிய பிறகு போடுவது, வீட்டில் திருடன் புகுந்த பிறகு நாய்க்குட்டி வாங்குவது மாதிரி.

இரண்டாம் ஆண்டு: முடிவுகளும் காரணங்களும்

வேம் வேலை செய்யவேண்டிய இடம் நாற்றங்கால் என்று தீர்மானித்தோம். நாற்பது நாள் நாற்று நாற்றங்காலில் இருக்கிறது, அதுதான் அதற்கு வேண்டிய அவகாசம். செலவும் குறைவு. 30 சென்ட் நிலத்துக்குத் தேவையான நாற்றுக்குப் பன்னிரண்டு சதுர மீட்டர் மேட்டுப்பாத்தி போதும். சதுர மீட்டருக்கு 100 கிராம் என்பது பரிந்துரை. ஆறு சதுர மீட்டரில் இரண்டு பாத்தி போட்டு, ஒன்றுக்கு மட்டும் 600 கிராம் வேம் போட்டோம். விதைக்கும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு மூன்று சென்டிமீட்டரில் பரப்பி, மேலே மண் தூவி விதைத்தால்தான் முளைத்து இறங்கும் வேர் அதைத் தொட்டுக்கொண்டு போகும். மேலே தூவினால் வீண். இன்னொரு பாத்தியில் எதுவும் போடவில்லை. எனக்கு ஒப்பீடு வேண்டும், மகனுக்கு ஆதாரம் வேண்டும்.

பாத்தி மண்ணில் டி.ஏ.பி.யும் கோழி எருவும் சேர்க்கவில்லை. செம்மண், மணல், சலித்த பழைய மாட்டு எரு மட்டும். நாற்றழுகலுக்குக் கார்பென்டசிம் இல்லை. அக்காவுக்கு இதுதான் பெரிய பயம். அதற்குப் பதில் விதையில் டிரைக்கோடெர்மா கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் புரட்டினோம், நெருக்கி விதைக்காமல் கோடு கிழித்து விதைத்தோம், பூவாளியில் காலையில் மட்டும் தண்ணீர். இரண்டு பாத்தியிலும் ஓரோர் ஓரத்தில் கையகலத்துக்கு நாற்று சாய்ந்தது. அதோடு நின்றது.

வயலில் முதல் வேலை சுழற்சியை மாற்றுவது. மிளகாய் முடிந்த நிலத்தில் புரட்டாசி மழைக்குச் சோளமும் தட்டைப்பயறும் கலந்து தீவனத்துக்கு விதைத்தோம். அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கீரை வாராவாரம் கையில் காசு கொடுப்பது, சோளம் கொடுக்காது. கிணற்றடியில் ஐந்து சென்ட்டைக் கீரைக்கு விட்டுவிட்டு மீதியை மாற்றுவது என்று பேசி முடித்தோம். நியாயமான பேரம் என்றே இப்போதும் நினைக்கிறேன். சோளம் வந்தால் வேர்ப்பூசணத்துக்கு வீடு கிடைக்கும். மிளகாயைத் தாக்கும் பியூசேரியத்துக்கு அது சாப்பாடு இல்லை.

நடவுக்கு முன் வயல் முழுக்க 30 கிலோ வேப்பம் புண்ணாக்கும், தொழு உரத்தில் கலந்த 300 கிராம் டிரைக்கோடெர்மாவும். இது இரண்டு வகை நாற்றுக்கும் பொது. அடியுரத்தில் டி.ஏ.பி. கிடையாது. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் பிரித்துக் கொடுப்பதாக முடிவு. 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு வரிசை வேம் நாற்று, ஒரு வரிசை சாதா நாற்று. குச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டியது வேம்.

நடவுக்கு முன் ஒரு பதற்றம்

இருபதாம் நாள் வாக்கில் வேம் பாத்தி நாற்று மற்றதைவிடக் குட்டையாக இருந்தது. நன்றாகவே தெரிந்தது. எட்டிப் பார்த்த பக்கத்துத் தோட்டக்காரர் "என்ன, மருந்து போட்ட பாத்தி சூம்பிப் போயிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி அக்கா போன் பண்ணி, கொஞ்சம் யூரியா தெளிக்கலாமா என்றார்.

இது எதிர்பார்க்கக்கூடியதுதான். பூசணம் இலவசமாக வேலை செய்வதில்லை. செடி ஒளிச்சேர்க்கையில் செய்யும் சர்க்கரையில் கணிசமான பங்கைக் கேட்கும். நாலைந்து சதவிகிதத்திலிருந்து இருபது வரை சொல்கிறார்கள். இரண்டு இலை நாற்றுக்கு அது பெரிய வரி. கூட்டு நிலைத்து மணிச்சத்தும் துத்தநாகமும் வர ஆரம்பித்தால் நாற்று தேறும். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாததால் அவர் நாலு நாள் தூக்கம் கெட்டது. முப்பத்தைந்தாம் நாள் இரண்டு பாத்தியும் சமமாக வந்தன. நடுவதற்கு முன் வேரை எடுத்துப் போய் மையில் பார்த்தோம். வேம் பாத்தியில் 30 வேர்த்துண்டில் 17-இல் பூசணம். சாதாப் பாத்தியில் இரண்டில்.

நட்ட பிறகு

முதல் ஒரு மாதம் சொல்ல ஒன்றுமில்லை. பங்குனி கடைசியில் களை வெட்டும்போது கிழக்கு ஓரத்தில் ஆறு வரிசை மட்டும் கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்தேன். கேட்டேன். யாரும் பேசவில்லை. அப்புறம் மகன், "சார், அம்மாவுக்குத் தெரியாது. மனசு கேக்கல, ஒரு சட்டி டி.ஏ.பி. போட்டேன்" என்றார். எரிச்சல் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் வைக்க மறந்த ஒப்பீட்டை அவர் வைத்துக் கொடுத்திருந்தார். அந்த ஆறு வரிசையைத் தனியாக எண்ணுவது என்று வைத்துக்கொண்டோம்.

சித்திரை நடுவில் கோடை மழை ஒன்று கொட்டியது. தெற்கு மூலையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பின் அங்கே நின்ற செடிகள் வேம், சாதா என்று பார்க்காமல் சரிந்தன. பிடுங்கினால் வேர் கறுத்து நாறியது. மூச்சுவிடக் காற்று இல்லாத மண்ணில் வேரும் சாகும், வேரோடு வாழும் பூசணமும் சாகும். வரப்பை வெட்டி வடிகால் எடுக்க ஆச்சியிடம் கேட்கவேண்டும் என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டதற்குக் கொடுத்த விலை அது.

மேட்டில் வாடல் வந்தது, ஆனால் மெதுவாக வந்தது. நட்டு எழுபத்தைந்தாம் நாள் இருபது வரிசையில், வரிசைக்கு 40 செடி வீதம் எண்ணினோம். சாதா நாற்று 400-இல் 84 வாடியிருந்தது. வேம் நாற்று 400-இல் 37. டி.ஏ.பி. போட்ட ஓரத்தில் மூன்று வேம் வரிசைகளில் 120-க்கு 21, மூன்று சாதா வரிசைகளில் 120-க்கு 24, கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த வேம் வரிசை வேர்களை மையில் பார்த்தபோது பூசணமும் மற்ற வேம் வரிசைகளைவிடக் குறைவாக இருந்தது. ஆறு வரிசையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அது ஓரம் வேறு, வெயில் வேறு, கிணற்றுத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம். ஆனாலும் மகன் அதற்கப்புறம் டி.ஏ.பி. சட்டியைத் தொடவில்லை.

இலைச்சுருட்டு வைரஸ் இரண்டு வகையிலும் சமமாக வந்தது. வேம் வரிசையில் கொஞ்சம் கூடுதலோ என்றுகூட எனக்குச் சந்தேகம். நன்றாகச் சாப்பிட்டுத் தளதளவென்று இருக்கும் செடியை வைரஸும் விரும்பும், பூச்சியும் விரும்பும். வைரஸ் விஷயத்தில் வேர்ப்பூசணம் உதவாது, சில பயிர்களில் நோயைக் கூட்டியதாகவும் ஆய்வுகள் உண்டு. மஞ்சள் ஒட்டுப்பொறியும் வரப்போரச் சோளமும்தான் எங்களிடம் இருந்த தடுப்பு.

மகசூலைப் பற்றி யாராவது கேட்டால் நான் அடக்கித்தான் சொல்வேன். செடிக்குச் செடி காய் கூடவில்லை. சாகாத செடி கூடுதலாக இருந்ததால் பறிப்பு கூடியது, அவ்வளவுதான். டி.ஏ.பி. மூட்டையும் வெள்ளைப் பவுடரும் மிச்சம். கீரை வருமானம் நஷ்டம். அக்கா விரல்விட்டு எண்ணிவிட்டு "கையைக் கடிக்கல" என்றார்.

எதை எதற்குச் சொல்லலாம்

முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டால் சாதா நாற்றிலேயே வாடல் குறைந்திருக்கிறது. மூன்றில் ஒன்று போன இடத்தில் ஐந்தில் ஒன்று. அதற்கு வேம் காரணம் இல்லை. சோளச் சுழற்சி, வேப்பம் புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா, அந்த வருட வெயில், இவற்றில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. வேம் கணக்கில் எழுதக்கூடியது 84-க்கும் 37-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும்.

அந்த வித்தியாசமும் சுத்தமானது இல்லை. அடுத்தடுத்த வரிசையில் நட்டது என் யோசனை, அது அவ்வளவு நல்ல யோசனை இல்லை. எழுபத்தைந்தாம் நாள் பார்த்தபோது சாதா வரிசை வேர்களிலும் மூன்றில் ஒரு பங்கில் பூசணம் ஏறியிருந்தது. பக்கத்து வரிசையிலிருந்து நடந்து வந்திருக்கலாம், சோளம் விட்டுப்போனதாகவும் இருக்கலாம். இந்த இழைகள் ஒரு செடியையும் அடுத்த செடியையும் இணைக்கும். 2010இல் சீனாவில் தக்காளியில் செய்த ஆய்வில், ஒரு செடியில் ஆல்டர்நேரியா கருகல் வந்ததும் இழையால் இணைந்திருந்த பக்கத்துச் செடியும் தற்காப்பு வேலையைத் தொடங்கியது. அப்படியானால் எங்கள் சாதா வரிசை முழுக்கச் சாதா இல்லை. தனித்தனி பாத்தியாகப் பிரித்து, நாலைந்து இடத்தில் மாற்றி மாற்றி வைத்திருக்கவேண்டும்.

அடுத்த முறை மாற்றுவது

மண் பரிசோதனை முதலில். மணிச்சத்து 22-ஐத் தாண்டியிருக்கும் நிலத்தில் அதைக் குறைக்காமல் வேம் வாங்கச் சொல்லமாட்டேன். மூட்டையில் உற்பத்தித் தேதி பார்க்காமல் வாங்கமாட்டேன். முதல் வருடம் வாங்கியது வெயிலில் அடுக்கி வைத்திருந்த கடை. உள்ளே உயிர் இருந்ததா என்பதே சந்தேகம். நாற்று குட்டையாகும் என்பதை விதைக்கும் நாளிலேயே வீட்டில் எல்லாரிடமும் சொல்வேன், மகனையும் உட்காரவைத்து. வாடலுக்குக் கார்பென்டசிம் ஊற்றித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் ஊற்றலாம், ஆனால் அந்த வருடம் வேமை எதிர்பார்க்கக் கூடாது. தெற்கு மூலைக்கு வடிகால். ஆச்சியிடம் பேசியாகிவிட்டது. "வரப்ப வெட்டிட்டு மழைக்கு முன்ன திரும்பக் கட்டிரணும்" என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

வேமை வீட்டிலேயே பெருக்குவது அக்காவின் யோசனை. வேரோடு சேர்ந்தால் மட்டுமே வளரும் பூசணம் என்பதால் சட்டியில் கஞ்சி ஊற்றி வளர்க்க முடியாது, உயிருள்ள செடி வேண்டும். பழைய சிமெண்டு சாக்கில் மணலும் செம்மண்ணும் நிரப்பி, வேலியோரச் சோளத்து வேர்மண்ணை ஒரு கை போட்டு, சோளம் விதைத்து முற்றத்து ஓரம் ஆறு சாக்கு வைத்தார். வேலியோர மண்ணில் வேண்டாத கிருமியும் இருக்கலாம் என்று சொல்லி, மிளகாய், கத்தரி, தக்காளி நின்ற இடத்து மண்ணைத் தொடாமல் எடுக்கவைத்தேன்.

அறுபதாம் நாள் காலையில் போன். குரல் உடைந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து ஆறு சாக்குச் சோளத்தையும் தூர் தெரிய மேய்ந்துவிட்டது. நான் சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரம் நானே போய் மேல்தட்டையை அறுத்துவிட்டுத் தண்ணீரை நிறுத்துவதாக இருந்தேன். செடியின் மேல்பாகம் போய் மண் காய்ந்தால்தான் பூசணம் வித்துகளைக் கட்டி உறங்கப் போகும், அந்த மண்ணும் வேரும்தான் நமக்கு வேம். "தண்ணி மட்டும் ஊத்தாதீங்க அக்கா, ஆட்டுக்காரங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம். சாக்குகள் இப்போது திண்ணையில் காய்கின்றன, தை நாற்றங்காலுக்கு.